ஹால்வாருக்கு ஒரு ஜோடி ஸ்கீ

பிப்ரவரி 6
மைனஸ் பதினெட்டு. வாசல் பனியை அள்ளிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு ஹால்வார் வந்து நின்றான். பதினோரு வருடம் முன்பு, ஒரே அலுவலகத்தில் பொறியாளர்களாக இருந்தபோது, ஒரு பாலத்துக்கு நான் போட்ட கணக்கைத் தன் பெயரில் கொடுத்து மேலாளரானவன்.

"டேய் ஸ்டைனார், நீயே ஸ்கீ செய்றியாமே? கம்ப்யூட்டர்ல அழுத்தமெல்லாம் போட்டுப் பாத்து? ஈஸ்டருக்கு எனக்கும் ஒரு ஜோடி பண்ணேன்."

வெட்கமே கிடையாதா இவனுக்கு? எடை மட்டும் கேட்டேன். "எண்பத்திரண்டு" என்றான், பட்டென்று.

பிப்ரவரி 8
ஸ்கீ, அந்தப் பனிச்சறுக்குப் பலகை, நடுவில் வில்லாக எழும்பியிருக்கும். மேடேறும்போது ஒற்றைக் காலில் எடை இறங்கினால் தட்டையாகி, நடுவில் பூசிய மெழுகு பனியைப் பிடிக்கும். தட்டையாகாவிட்டால்? ஏறுகிறவன் பின்னாலேயே வழுக்கி வருவான். எலும்பு முறியாது. மானம் மட்டும் போகும்.

கம்ப்யூட்டரில் எடை என்ற இடத்தில் எண்பத்திரண்டுக்குப் பதில் தொண்ணூற்று நான்கு என்று போட்டேன்.

பிப்ரவரி 15
திரையில் ஸ்கீயை ஆயிரக்கணக்கான துணுக்குகளாக்கி, ஒவ்வொன்றிலும் அழுத்தம் பார்க்கிறேன். காலடிக்கு முன்னால் ஒரே சிவப்பு. அங்கே ஒடியும். பிர்ச் மரத்தை இன்னும் முக்கால் மில்லிமீட்டர் தடிப்பாக்கினேன், நீலமாயிற்று. எண்பத்திரண்டு கிலோ ஏற்றினால் மெழுகு பனியைத் தொடவே இல்லை. எவ்வளவு அழகான இடைவெளி! பாலத்துக்குக்கூட இத்தனை அக்கறை காட்டியதில்லை.

மார்ச் 2
கொட்டகை முழுக்கப் பசை நாற்றம். "அவனைக் கண்டாலே உனக்கு ஆகாது. அவனுக்குப் போய் எதுக்கு இவ்ளோ மெனக்கெடுற?" என்றாள் என் மனைவி பெரித்.

"பழசையெல்லாம் மறந்துட்டேன்."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே."

மார்ச் 20
கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி
மேட்டடியில் பாதி ஊர். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டு, நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். ஹால்வார் ஏறினான். ஏறினான். ஏறிக்கொண்டே போனான்! ஓர் அங்குலம்கூட வழுக்கவில்லை. உச்சியிலிருந்து கத்தினான்: "இப்படி ஒரு ஸ்கீ என் ஆயுசுல போட்டதில்லடா!"

எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். மிச்ச ஆரஞ்சைப் பக்கத்திலிருந்த பையனிடம் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 4
மூன்று முறை சரிபார்த்தேன். கணக்கில் தப்பில்லை. மரத்திலும் இல்லை. அப்படியென்றால் — பாவி! எடையில்கூடவா பொய் சொல்வான்?

ஏப்ரல் 9
அழைக்காமலே வந்து சமையலறையில் உட்கார்ந்தான்.

"ஸ்கீயைத் தரையில வெச்சு, நடுவுக்கு அடியில காகிதம் விட்டு ஒத்தக்கால்ல ஏறி நின்னேன். காகிதம் இறுக்கமா மாட்டிக்கிச்சு, என் நிஜ எடைக்கே பண்ணின மாதிரி. நிஜத்துல நான் தொண்ணூத்தி நாலுடா. எண்பத்திரண்டுக்காரன் ஏறியிருந்தா?"

"வழுக்கியிருப்பான்."

"பாலக் கணக்குக்காகவா?"

"ஆமா."

காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தான். "அது உன்னோடதுதான்."

பதினோரு வருடம். இரண்டு சொல். அதுவும் பெரித் கேட்கும்படி. ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் எடுத்து வைத்தேன்.

இரண்டு துண்டு தின்றபின் குரலைத் தாழ்த்தினான். "அடுத்த ஈஸ்டருக்கு என் மருமகன் வர்றான். ஆஸ்லோக்காரன். எனக்கே ஸ்கீ ஓட்டச் சொல்லித் தர்றான்டா! அவனுக்கு ஒரு ஜோடி பண்ணித் தாயேன். எனக்குப் பண்ண நெனச்ச மாதிரியே."

ஏப்ரல் 12
வாய்வார்த்தையாக எடை வாங்குவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். அடுத்த வாரம் ஒரு நாள் ஊருக்கு வந்துபோகும் மருமகனை ஞாயிற்றுக்கிழமை காபிக்கு அழைத்தாயிற்று. வாசலில் காலணி கழற்றும் இடத்தில், மிதியடிக்கு அடியில் எடைக்கருவியை வைக்கலாம் என்பது ஹால்வாரின் யோசனை. கோட்டுக்கு ஒன்றரை கிலோ கழிக்க வேண்டும் என்பது என்னுடையது.