ஐந்தாம் மாடியின் குளிர்காலச் சீட்டு

தெசலோனிக்கி, ஜூலை 24

அன்பு மகள் ஆர்கிரோவுக்கு அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே இருவரும் சுகம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் குரல் உடைந்துவிடும் என்றுதான் நீ இருக்கும் ஸ்டுட்கார்ட்டுக்கு வரும் பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முதலில் இதைக் கேள், முப்பத்தொன்றாம் தேதி அட்வான்ஸை அனுப்பாதே.

உன் ஞானத்தகப்பன் பாண்டெலிஸின் ஐந்தாம் மாடி வீட்டை வாங்கி மாணவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று உன்னை உசுப்பிவிட்டவனே நான்தான். வாடகை முந்நூற்றெண்பது யூரோ, பேங்க் தவணை இருநூற்றுத்தொண்ணூறு, மாதம் தொண்ணூறு கையில் நிற்கும் என்று நீ போட்ட கணக்குக்கு நானும் தலையாட்டினேன். பிறகுதான் உறைத்தது, ஜூன் கடைசியில் காலி செய்கிற பிள்ளைகள் செப்டம்பரில்தானே வருவார்கள். பத்து மாத வாடகையில் பன்னிரண்டு தவணை போக மிச்சம் முந்நூற்றிருபது, வரிகளே எழுநூறைத் தாண்டும். ஆள் இல்லாத மாதங்களில் லிப்ட், படிக்கட்டு விளக்குப் பங்கும் நம் தலையில்தான். மொட்டைமாடி ஒழுகலுக்கு வேறு ஆயிரத்து நானூறு கேட்கிறார்களாம், அது எப்போதும் வீட்டுக்காரர் பாடு.

வீடு எத்தனை மாதம் வாடகைக்குப் போனது, சீட்டைக் காட்டு என்று கேட்கப் போனால் பாண்டெலிஸ் காபிக் கோப்பையை டொக்கென்று வைத்து, "என்னப்பா வாங்கெலி, உன் புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்தவன்கிட்டயே சீட்டு கேக்கறியா? ஒரு மாசம் காலியா கெடந்ததில்ல அந்த வீடு!" என்றான். அவனிடம் காகிதம் கேட்பது அவமானம் என்று வளர்ந்தவன் நான், எழுந்து வந்துவிட்டேன்.

மனசு கேட்கவில்லை. மறுநாள் அந்தக் கட்டடத்தின் கணக்கைப் பார்க்கும் அஸ்பசியாவிடம் போனேன். லிப்டுக்குப் பக்கத்தில் மாதாமாதம் ஒட்டுவார்களே, வீடு வீடாக ஹீட்டர் செலவு போட்ட சீட்டு, போன குளிர்காலத்தது எல்லாவற்றையும் எடுத்துப் போட்டாள். "அஞ்சாவது மாடியா? நவம்பர் முட்டை, டிசம்பர் முட்டை, மார்ச் வரைக்கும் முட்டைதாங்க! அந்த ஈரச் சுவத்துல யாரு இருப்பா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜனவரிக் குளிரில் ஹீட்டர் போடாமல் எந்த மாணவன் இருப்பான்? பதினோரு வருஷம் நைட் ஷிப்ட் பார்த்து நீ சேர்த்த பணத்தை நானே கொண்டுபோய்க் கொட்டப் பார்த்தேனே அம்மா, என்னை மன்னித்துவிடு.

உன் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம் என்னிடம் இருக்கிறது, நான் போடமாட்டேன். கோபம் வந்தால் திட்டிக்கொள். சீட்டுகளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், நீயே பார்.

கடவுள் உன்னைக் காக்கட்டும். கடிதம் கிடைத்ததும் அம்மாவுக்குப் போன் செய். திங்கட்கிழமை பாண்டெலிஸின் பெயர்நாள், அவன் பெயர்கொண்ட புனிதரின் திருநாள். முப்பத்திரண்டு வருஷமாக இனிப்புப் பெட்டியோடு அவன் வீட்டுக்குள் முதல் ஆளாக நுழைந்தவன் நான். இந்த வருஷமும் அம்மா பெட்டியை வாங்கி வைத்துவிட்டாள். அதைத்தான் உனக்கு அனுப்பியிருக்கிறேன், சாப்பிடு.

உன் அப்பா,
வாங்கெலிஸ்