அம்மாவின் பட்மின்டன் மட்டை

சுகிர்தா,

பள்ளிக்கூடத்தால் வந்ததும் சாப்பிடு. சோறும் மீன் சொதியும் குசினியில் மூடி வைத்திருக்கிறேன்.

சீட்டுக் காசில் இரண்டு மட்டை வாங்கினபோது, "இந்த வயசில உமக்கென்ன பட்மின்டன்?" என்று அப்பா கேட்டார். "மகளோட விளையாடத்தான்" என்றேன். அன்றிலிருந்து ஓர்ஸ் ஹில் கந்தோரில் வேலை முடிந்ததும் உப்புவெளி பஸ்ஸுக்கு ஓடித்தான் வருகிறேன்.

நேற்று நீ, "சிநேகிதியள் வருகினம், நீங்கள் உள்ளுக்கு இருங்கோ அம்மா" என்றாய். எனக்குக் கோபமில்லை. அறைக்குள் இருந்து நீங்கள் எல்லாரும் விளையாடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கும் அவர்கள் வந்தால் என் மட்டையைக் கொடு. தேத்தண்ணீருக்குச் சீனி அலுமாரியில் இருக்கிறது.

அம்மா

பிற்குறிப்பு: அவர்கள் போன பிறகு வலையை அவிழ்த்துவிடாதே. வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடப் பார்க்கிறேன்.