இரண்டு தடவை நடந்த இணைச்சீர்

அன்புள்ள லோகப்பிரியாவுக்கு, சூலூரிலிருந்து சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் சித்தியும் வாசல் தென்னைகள் நாலும் நலம், மெல்போர்னில் நீயும் உன் குளிரும் சுகந்தானே? ஒருத்தரும் நம்பமாட்டாத ஒரு கதையைச் சத்தியம் செய்து சொல்லப்போகிறேன். போனில் என்றால், எதுக்குங்க சித்தப்பா ரத்தம் எடுத்தீங்க என்று வக்கீல் மாதிரி நடுவில் புகுவாய், கடிதத்தில் அந்த வேலை நடக்காது.

போன மாதம் அன்னூரில் நம் சொந்தக்காரப் பையன் சுரேந்தர் கல்யாணம். சீர்களை முறைப்படி நடத்திவைக்கும் அருமைக்காரர் யார்? அடியேன்தான், தொள்ளாயிரம் ஜோடிகளைச் சேர்த்துவைத்தவன், அதில் ஒரு ஜோடிகூட இன்றுவரை சண்டை போட்டதில்லை. மண்டபத்தில் பதினெட்டாயிரம் பேர். கூறைச் சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளையிடமும் மறு முனையை அவன் அக்கா மோகனப்பிரியாவிடமும் கொடுத்து இணைச்சீரை முடித்தேன். கால் மணி நேரம் கழித்து அக்காவைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொரு தடவை செய்தேன். ஏனுங்க மாமா, இப்பத்தானுங்க செஞ்சு முடிச்சோம் என்று அந்தப் பிள்ளை முழித்தது. ராஜகுடும்பத்துக்கு ரெண்டு தடவை அம்மணி, பேசாம நில்லு என்று அதட்டினேன். இப்போது அன்னூரே எங்களுக்கும் ரெண்டு வேணுமுங்க என்று வரிசையில் நிற்கிறது.

உன் சித்திக்குத்தான் என் பெருமை புரியவில்லை. வேணும்னு செய்யலீங்க, மொதல்ல செஞ்சதையே மறந்துபோட்டீங்க என்று வழி நெடுக அழுதுவிட்டு, அந்த வாரமே பீளமேட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். டாக்டர் மேக்னா என்று ஒரு பிள்ளை, நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னது, நூறு தீர்ந்து கடனில் விழும்வரை கழித்தேன். ஐந்து வார்த்தை சொல்லித் திரும்பக் கேட்டது, தாராளமாக ஆறு சொன்னேன். பிறகு ரெண்டு குடம் ரத்தம் எடுத்தார்கள், அது தனி விமானத்தில் போனது. அல்சைமரில் மூளைக்குள் அமிலாய்டு என்று ஒரு புரதம் திட்டுத் திட்டாகப் படியுமாம், அப்போது டௌ என்ற இன்னொரு புரதத்தின் ஒரு வகையும் ரத்தத்தில் கூடுமாம், மறதி வெளியே தெரிவதற்குப் பல வருஷம் முன்னாலேயே. முந்தியெல்லாம் முதுகுத்தண்டில் ஊசி போட்டோ பெரிய ஸ்கேன் எடுத்தோதான் பார்க்கணும், இப்ப ரத்தத்துலயே துப்புக் கெடைக்குதுங்க என்றது. எம் மூளை முழுக்கச் சீர்த்தட்டுதான் அம்மணி, வேற எது படியறதுக்கும் எடமில்லீங்க என்றேன். டாக்டர் சிரித்தது, சித்தி சிரிக்கவில்லை.

ரிசல்ட் வந்துவிட்டது. கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை, நடுவில் நிற்கிறது. அப்போ பாஸ் என்றேன். ரத்தம் மட்டும் தீர்ப்புச் சொல்லாதுங்க, ஸ்கேன் பார்த்தாத்தான் உறுதி, ஆனா எதுவா இருந்தாலும் நேரத்துல வந்துட்டீங்க, செய்யறதுக்கு நெறைய இருக்குதுங்க என்றது டாக்டர். புதன்கிழமை ஸ்கேன். பிரஷர் மாத்திரை தவறுவதில்லை, காதுக்கு மிஷின் மாட்டியாயிற்று, விடிகாலையில் இமயமலைவரை நடந்துவிட்டு இட்லிக்குத் திரும்பிவிடுகிறேன்.

இதைப் படித்ததும் நீ கேட்க வந்து விழுங்கிக்கொள்ளும் கேள்வி எனக்குத் தெரியும் கண்ணு. அண்ணன் போன பிறகு உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவன், தை மாதம் உன் கல்யாணத்தை இன்னொரு அருமைக்காரர் கையில் விடுவேனா? நான்தான் நடத்துவேன். சீர்களையெல்லாம் வரிசையாக நோட்டில் எழுதிவிட்டேன், ஒவ்வொன்று முடிந்ததும் சித்தி டிக் போடுவாள். டிக் போட்டதை நான் மறுபடி ஆரம்பித்தால் சபையில் வாய் திறக்காதே, என் கையை மெல்லத் தொடு, போதும்.

டிக்கெட்டை இப்போதே எடு, கடைசி நேரத்தில் எகிறிவிடும். ஆயிரம் வருஷம் நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க மாரியாத்தாளிடம் எழுதி வாங்கிவிட்டேன். டாக்டர் கொடுத்த காகிதத்தைச் சித்தி போட்டோ எடுத்து அனுப்புவாள், அதை நம்பு. கல்யாணக் கதையில் பதினெட்டாயிரம் பேரும் பொய், ராஜகுடும்பமும் பொய். சித்தி சொன்ன சின்னத் துண்டு மட்டும் நிஜம். ரெண்டாவது தடவை அந்தச் சேலை முனையைக் கையில் எடுத்தபோது, எனக்கு அதுதான் முதல் தடவை.

உன் கல்யாணத்தை நடத்தப்போகும்,
சித்தப்பா தம்பிதுரை