கருப்பையா, இந்தியாக்காரர்

பிரியமான மச்சானுக்கு,

சுகம் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. கல்லல் வீட்டில் இருக்கிறோம், அவ்வளவுதான். உங்கள் அம்மாவுக்கு, என் அத்தைக்கு, ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. பாப்பா பத்தாம் வகுப்பு. நீங்கள் ஏமன் நாட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், இப்போது என்னைவிட உயரம்.

நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்பது எங்களுக்குப் போன மாதம்தான் உறுதியாயிற்று.

அங்கே சண்டை தொடங்கி, விமான நிலையத்தை மூடிய பிறகு கடைசியாகப் பேசினீர்கள். “கப்பல் வருதாம் செல்வி. ஏத்திக் கொண்டாந்து விட்ருவாக. அம்மாட்ட ஒண்ணுஞ் சொல்லாத” என்றீர்கள். கப்பல் வந்தது. அதில் நீங்கள் வரவில்லை. உங்களோடு அதே சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்த இளையான்குடி சிக்கந்தர் அண்ணன் வந்தார். ஊர் வந்து சேர்ந்த மறுநாளே நம் வாசலில் நின்று அழுதார்.

அன்று காலையில் நீங்களும் கடை முதலாளியின் மகனும் காய்கறி வாங்கச் சந்தைக்குப் போனீர்கள் என்றார். விமானம் வந்து சந்தையின் மேல் குண்டு போட்டது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடியிருக்கிறார். நீங்கள் எங்கும் இல்லை. சாயங்காலம் அவரைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள்.

“நீ கண்ணால பாத்தியாப்பா?” என்று அத்தை கேட்டார்கள்.

“பாக்கலை ஆத்தா.”

“பாக்கலைல்ல. அப்ப எம்புள்ள எங்குட்டோ இருக்கான்.”

அந்த ‘எங்குட்டோ’வில்தான் இத்தனை வருஷமும் குடியிருந்தோம். சொந்தக்காரர்கள் காரியம் செய்யச் சொன்னார்கள். அத்தை விடவில்லை. குளித்துவிட்டு வந்தால் முதலில் என் நெற்றியைத்தான் பார்ப்பார்கள், பொட்டு இருக்கிறதா என்று. வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவு, மத்தியானம் பேசுவீர்கள். அந்த நேரத்தில் போன் அடித்தால் இன்னமும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன்.

ஒன்று சொல்ல வேண்டும். பாப்பா சின்னவளாக இருந்தபோது ஆகாயத்தில் விமானம் போனால், “அப்பா வாராக, டாட்டா காட்டு” என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவளும் வயல் வரப்பில் நின்று இரண்டு கையையும் ஆட்டுவாள். அந்த விமானச் சத்தம் சந்தையில் உங்களுக்கு என்னவாக இருந்திருக்கும்? நிமிர்ந்து பார்த்தீர்களா மச்சான்? ஓடுவதற்கு நேரம் இருந்ததா?

போன மாதம் சிக்கந்தர் அண்ணன் மறுபடி வந்தார். விமானத் தாக்குதல்களில் இறந்துபோன சனங்களுக்காக நீங்கள் இருந்த ஊர்க்காரர்கள் தங்கள் இடுகாட்டில் ஒரு கல்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அங்கே முன்பு வேலை பார்த்தவர்கள் யாரோ அதன் படத்தைப் போனில் அனுப்பியிருந்தார்கள். அண்ணன் சின்ன வயதில் பள்ளிவாசலுக்கு ஓதப் போனவர், அதனால் அவருக்கு அந்த அரபி எழுத்து தெரியும். சுவர் முழுக்கப் பெயர்கள். ஒவ்வொருவர் பெயரோடும் அவருடைய தகப்பன் பெயரும் இருந்தது. கீழே ஒரு வரியில் விரலை வைத்தார்.

“இதுல மாப்ள பேரு இருக்கு தங்கச்சி. ‘கருப்பையா, இந்தியாக்காரர்’னு போட்ருக்காக.”

அத்தை போனை வாங்கினார்கள். படித்துப் பழகாதவர்கள் அல்லவா, உங்கள் கன்னத்தைத் தடவுவதுபோல அந்த வரியைத் தடவினார்கள். படம் நகர்ந்துவிட்டது. யார் வீட்டுக் கல்யாணப் படமோ வந்து நின்றது.

“எங்கடா போயிட்டான்? இப்ப இங்கனதான இருந்தான்” என்று பதறினார்கள்.

நான்தான் வாங்கி உங்களைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தேன்.

பிறகு அண்ணன் உங்கள் முதலாளியின் நம்பரைத் தேடிப் பிடித்து, போனில் முகம் பார்த்துப் பேச வைத்தார். தாடி முழுக்க நரைத்த மனுஷர். அவர் பேசப் பேச அண்ணன் தமிழில் சொன்னார். குண்டு விழுந்த மறுநாள் உங்களையும் தன் மகனையும் அவரே இடிபாட்டுக்குள்ளிருந்து எடுத்தாராம். ஒரே குழியில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தாராம். அதற்குப் பிறகு ஊரை விட்டு ஓடி, எங்கெங்கோ கிடந்து, இப்போதுதான் திரும்பியிருக்கிறார். சுவர் எழுப்பியவர்கள் வந்து கேட்டபோது மகன் பெயரோடு உங்கள் பெயரையும் சொன்னது அவர்தான்.

“எங்க ஊரை நம்பி வந்த புள்ள. பத்திரமாத் திருப்பி அனுப்ப முடியலைன்னு அழுகுறாரு ஆத்தா” என்றார் அண்ணன்.

அத்தை அழவில்லை. “அவரு மகன் எம்புள்ளைக்குப் பக்கத்துலயா கெடக்கான்?” என்று கேட்டார்கள்.

“ஆமா. ரெண்டு பேருக்கும் நடுவுல யாரும் இல்லையாம்.”

அத்தை போனுக்குக் கிட்டத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அப்புறம், “எல்லாருக்கும் அப்பன் பேரு போட்ருக்குன்னியே. எம்புள்ளைக்கு மட்டும் ஏன் இல்லை? நாதியத்தவன்னு நெனைச்சிர மாட்டாகளா?” என்றார்கள்.

அதையும் அண்ணன் அவரிடம் சொன்னார். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரியாதாம். இப்போது சொன்னால் செதுக்கச் சொல்கிறேன் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தையே, “ஆண்டியப்பன்” என்றார்கள். தன் புருஷன் பெயரை அவர்கள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்தச் சாயங்காலமே உங்கள் சித்தப்பா வந்தார். வைக்கோலில் ஓர் உருவம் செய்து, சுடுகாட்டில் எரித்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்றார்.

“வேணாம்ப்பா” என்றார்கள் அத்தை. “நெருப்புல போன புள்ளைய மறுபடி நெருப்புல போடச் சொல்றியா?”

எரிக்கவில்லை. ஊருணியில் முழுகிவிட்டு வந்து விளக்கேற்றினோம். நீங்கள் கட்டிய தாலியை நானே கழற்றிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். பொட்டை அழிக்கப் போனபோது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “அது இருக்கட்டும். அவன் கட்டுறதுக்கு முன்னாடியே நீ வச்சதுதான” என்றார்கள். அப்போதுதான் மச்சான், அத்தையும் மருமகளும் கட்டிக்கொண்டு அழுதோம். பாப்பா கதவோரம் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவதற்கு அவளுக்கு உங்கள் முகம்கூட நினைவில் இல்லை. அதைச் சொல்லித்தான் பிறகு அழுதாள்.

போன வாரம் புதுப் படம் வந்தது. உங்கள் பெயருக்குப் பக்கத்தில், இடம் போதாமல், சின்னதாக மாமா பெயரைச் செதுக்கியிருக்கிறார்கள். அத்தை இப்போது திரையைத் தொடுவதில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள்.

அத்தை இருக்கிறவரை அவர்களை விட்டு நகர மாட்டேன். அதற்குப் பிறகு, அந்த நாட்டுக்கு வழி திறந்தால், பாப்பாவோடு வருவேன். உங்கள் பெயரை அந்த எழுத்தில் எழுதச் சிக்கந்தர் அண்ணனிடம் கற்றுக்கொண்டேன். வலப்பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உலை கொதிக்கிற நேரத்தில் சமையலறைத் தரையில் ஈரவிரலால் எழுதிப் பார்க்கிறேன். முந்தாநாள் ஓர் இடத்திலும் பிசகவில்லை. நாங்கள் வரும்போது அத்தனை பெயர்களுக்கு நடுவில், யாரையும் கேட்காமல், உங்களிடம் வந்து நிற்போம்.

உங்கள் மாமன் மகள்,
பாப்பாவின் அம்மா,
செல்வி