பாடி மட்டும் கேட்டேன்

அன்பு மகன் இர்ஷாதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உங்கள் எல்லாருக்கும் சுகம் தரட்டும். கரியாலூர்க் குளிரில் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. மற்றபடி நலம்.

போன வாரம் நான் தொகுக்கும் விதைப் புத்தகத்துக்காகச் சாமை அறுப்பைப் படமெடுத்தபோது உன் அத்தாவின் கேமரா நின்றுவிட்டது. அரிவாளோடு நின்ற மூக்காயி, "இன்னாம்மா, உன் பொட்டி கண்ண மூடிக்கிச்சா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அத்தாவின் லென்ஸுகளுக்குப் பொருந்தும் கேமரா பாடி மட்டும் வாங்கச் சொன்னேன். நீயோ புது மாடலை வாங்கி, அதில் பொருந்தாது என்று வீட்டிலிருந்த லென்ஸுகளையெல்லாம் கடையில் மாற்றாகக் கொடுத்துவிட்டதாகப் பெட்டிமேல் ஒட்டிய சீட்டில் எழுதியிருக்கிறாய். செருப்புக்காகக் காலைத் தறிப்பார்களா? கான்வென்டில் எங்களுக்குக் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். உனக்கு அதை நான் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

பெட்டியைப் பிரிக்காமல் அது வந்த இந்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்புகிறேன். முதலில் லென்ஸுகளை மீட்டு வா. பிறகு அவற்றுக்கேற்ற பழைய பாடி ஒன்று தேடு. அறுப்பு முடிந்துவிட்டால் எனக்கு இங்கே வேலையில்லை.

முழங்காலுக்குத் தைலமும் என் சாம்பல் நிறக் கம்பளியும் அனுப்பு. இங்கே சிக்னல் கிடையாது, அதனால் கடிதம் போடு. எழுத நேரமில்லையென்றால் பேத்தி அஸ்ரின் கிறுக்கிய தாளையாவது மடித்து அனுப்பு.

பெருநாளுக்கு வருவேன். அதற்குள் பழசு என்று என்னையும் எங்காவது கொடுத்து மாற்றிவிடாதே. டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.

உன் அம்மா,
காசிம் பீவி