பின்பக்க ஸ்பீக்கர்கள்

3-11-75, திங்கள்

விடாத மழை. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் ரோடு முழுக்கத் தண்ணீர். ஃபாக்டரி லீவு. டேனியல் அண்ணனின் ஜப்பான் செட்டைத் துடைத்து இணைத்தேன். முன்னால் இரண்டு ஸ்பீக்கர், பின்னால் இரண்டு. கப்பல் வேலையில் இருந்தபோது வாங்கி வந்தது. ஜூலையில் கடலில் விழுந்தார். உடல் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. இன்று அண்ணிதான், "போடு தம்பி. ஊடு ரொம்ப அமைதியா கீது" என்றார்கள்.

அவருடைய இங்கிலீஷ் ராக் இசைத்தட்டுகள். ஒப்பிட்டது:

இரண்டு ஸ்பீக்கர் - டிரம்ஸ் சுத்தம். கிடார் இடது, குரல் நடுவில். மேடைக்கு எதிரே உட்கார்ந்த மாதிரி.

நாலு ஸ்பீக்கர் தட்டு - ஆர்கன் முதுகுக்குப் பின்னால் சுற்றுகிறது. பிரமிப்பு. ஆனால் பாடுகிறவன் குரல் கரைந்துபோகிறது.

நாலு சானல் டேப் - கரண்ட் போச்சு.

5-11, புதன்

டேப் கேட்டேன். அண்ணன் போன லீவில் இதே அறையில் எடுத்தது. முன் இரண்டில் இசைத்தட்டின் பாட்டு. பின் இரண்டில், அறைக் கோடியில் மைக் வைத்துப் பிடித்த எதிரொலி. எல்லாவற்றிலும் இதுதான் உயிருள்ளது.

கிடார் நடுவே, பின்னால் ஓர் இருமல். அண்ணனுடையது. சொம்பை வைக்கும் சத்தம். செருப்பு. திரும்பிப் பார்த்தேன். வெறும் சுவர்.

அண்ணி அசையவில்லை. "திரும்பாத தம்பி. பாத்தா போய்டுவாரு."

7-11, வெள்ளி

மழை விட்டது. பல்பு வாங்க மறந்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்தால் அதே டேப். அண்ணி சோறு ஆக்கவில்லை, சாப்பிடவும் இல்லை. அவர்கள் அப்பா ஊத்துக்கோட்டையிலிருந்து வந்திருந்தார்.

"இன்னாப்பா இது? செத்தவன் இருமறத கேட்டுகினு எம்பொண்ணு பைத்தியமாவணுமா? ஞாயித்துக்கெயம இட்டுகினு போறேன்."

"நான் வரல நைனா. அவரு இங்க கீறாரு."

அவர் கிளம்பியதும் பின் ஸ்பீக்கர் ஒயர்களைப் பிடுங்கினேன். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அண்ணி கேட்டார்கள்: "எங்க தம்பி போனாரு?"

திரும்ப மாட்டிவிட்டேன்.

8-11, சனி

மதியம் அண்ணி: "முன்னாடி வர்ற பாட்ட மட்டும் அழிக்க முடியுமா? பின்னாடி அப்டியே இருக்கணும்."

முடியும். அந்தக் கிடாரை நினைத்து மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் சரி என்றேன். முன் இரண்டில் மட்டும் புதிதாகப் பதியும்படி பொத்தான்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். மைக்கை வாங்கிக்கொண்டு என்னை வெளியே போகச் சொன்னார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சு. வார்த்தை புரியவில்லை, ஒட்டுக்கேட்க விருப்பமும் இல்லை.

9-11, ஞாயிறு

நல்ல வெயில். அண்ணியின் அப்பா வந்தார். அண்ணி பெட்டி கட்டித் தயார். "ஒரு வாட்டி கேட்டுட்டு வரேன் நைனா."

போட்டேன். பின்னால் பாட்டு, பக்கத்து வீட்டில் ஓடுவதுபோல் மெல்லியதாக. முன்னால் அண்ணி குரல்:

"சாப்டீங்களா?"

பின்னால் இருமல்.

"தண்ணி வெச்சிகீறேன். குடிங்க."

சொம்புச் சத்தம்.

"நைனா கூப்புட்றாரு. போய்ட்டு வரட்டா?"

செருப்புச் சத்தம். மெதுவாக, வாசல் பக்கம். அப்புறம் டேப்பின் இரைச்சல் மட்டும்.

அண்ணி அழவில்லை. அவர்கள் அப்பாதான் தரையில் உட்கார்ந்துவிட்டார், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு.

"எய்ந்திரு நைனா. பஸ் போய்டும்."