மஞ்சள் கோடு

ஞாயிறு, ராஜா அண்ணாமலைபுரம்.

வீட்டைப் புதுப்பித்தபோது என் நாத்தனார் சரோஜா அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ஹாலிலிருந்து சாப்பாட்டு அறைக்கு இறங்கும் இரண்டு படிகளின் ஓரத்திலும் ஒரு மஞ்சள் கோடு. அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. தரையும் படியும் ஒரே சாம்பல் நிறம் என்பதால் விளிம்பு தெரியவில்லையாம். "இது வீடா, ரயில்வே பிளாட்பாரமா?" என்று நான்தான் மறுத்தேன். அவருடைய தம்பி, என் கணவர், பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

இன்று என் அலுவலகத் தோழிகள் வீடு பார்க்க வந்தார்கள். தரையைப் பார்த்து அசந்துபோய் நின்றார்கள். அப்போதுதான் அக்கா அறையிலிருந்து வந்தார். படியருகே நின்று காலால் துழாவினார். நான் போய்க் கையைப் பிடித்திருக்கலாம். பிடித்தால் அவர் கேட்டது நியாயம் என்று ஆகிவிடும். நின்ற இடத்திலேயே நின்றேன். அக்கா தரையில் உட்கார்ந்து, சின்னக் குழந்தை மாதிரி நகர்ந்து நகர்ந்து இறங்கினார். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "வீடு ரொம்ப அழகா இருக்கு, இல்ல?" என்று அவர்களிடம் சிரித்தார்.

அவர்கள் போனதும் என்னிடம் வந்தார். "உன் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி உன்ன அசிங்கப்படுத்திட்டேனா, ரேவதி? விழுந்துடுவேனோன்னு பயமா இருந்துச்சும்மா."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"ஆமாக்கா" என்றேன்.

தலையாட்டிவிட்டு அறைக்குப் போனார். ராத்திரி சாப்பிட வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.